உயர்தமிழுக்குப் பரிசு விலக்கா?

சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளிப் படிப்பின் முடிவில் உயர்தமிழ்த் தாளை எழுதிக் குறித்த தரத்தில் தேறிய மாணவர்க்கு இரண்டு சலுகைகள் உண்டு. தொடக்கக்கல்லூரியில் சேரும்போது அவருடைய மொத்தப் புள்ளியிலிருந்து 2 புள்ளிகள் கழிக்கப்படும். அந்தக் கணக்கில் புள்ளி குறையக் குறையத் தகுதி கூடும் என்பது ஆசிரியர் அறிந்ததே. அடுத்தது, தொடக்கக்கல்லூரியில் மற்ற தமிழ் மாணவர்க்குக் கட்டாயமாக உள்ள எச் 1 தமிழை அவர் படிக்கவேண்டியதில்லை. பல்கலைக்கழக நுழைவுக்கு வேண்டிய தாய்மொழித் தகுதி அவரளவில் பதினாறு வயதிலேயே நிறைவெய்திவிட்டதாகக் கொள்ளப்படும்.

முதற் சலுகையைப் பற்றி வழக்கில்லை. மிகுதியாக உழைத்தவர்க்கு மிகுதியாகக் கொடுப்பது முறையே. இரண்டாவது சலுகை பார்வைக்கு இனியது, பெற்றோர் விரும்புவது, மாணவர் கேட்டவுடன் மகிழ்வது. ஆயின் அது தமிழுக்குச் செய்வது யாது என்று நோக்கினால் வேறொரு முகம் தோன்றுகிறது. தமிழை நன்கு கற்றவனுக்குக் கிடைக்கும் பரிசு, இனித் தமிழ் கற்கவேண்டாம் என்பதாக அமைந்துவிடுகிறது. வரிக்கு விலக்குக் கிடைத்தால் மகிழலாம். விருந்துக்கு விலக்குக் கிடைத்தது என்று மகிழ்வார் எவருமிலர்.

பள்ளியிலேயே கல்லூரிப் பாடத்தின் ஒரு பகுதியை முடித்து, அதனைப் பின்னர்ப் பல்கலைக்கழகக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் முறை உலகுக்குப் புதிதன்று. அவ்வரவுக்கு மதிப்பலகு என்று பெயர். அமெரிக்காவில் இம்முறை வேர்கொண்டது 1950களின் தொடக்கத்தில். ஆண்டோவர், எக்சிட்டர், லாரன்சுவில் ஆகிய மூன்று பள்ளிகளும் ஆர்வர்டு, பிரின்சுடன், யேல் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தி 1952-இல் அறிக்கை வெளியிட்டன. நல்ல பள்ளிகளில் தேர்ந்து வந்த மாணவர், கல்லூரி முதலாண்டில் முன்பு கற்றதையே மீண்டும் கற்று ஊக்கம் இழக்கின்றனர் என்பது அவ்வறிக்கை சுட்டிய குறை. அதற்குக் கண்ட மருந்தே முன்னேற்ற நிலைத் தேர்வு. கல்லூரி வாரியம் என்னும் அமைப்பு 1955-இல் அதனை ஏற்று நடத்தத் தொடங்கியது. 1 முதல் 5 வரை மதிப்பெண். பல கல்லூரிகள் 3-ஐயோ அதற்கு மேற்பட்டதையோ ஏற்றுக்கொள்கின்றன.

இதில் ஆழ்ந்து காணத்தக்கது ஒன்றுண்டு. அத்தேர்வு தோன்றியது, கற்ற பாடத்திலேயே மாணவனை ஒரு படி மேலே நிறுத்துவதற்காக. கணக்கில் தேறியவன் கணக்கின் அடுத்த பாடத்தில் அமர்வான். இலத்தீனில் தேறியவன் இலத்தீனின் அடுத்த நூலைத் திறப்பான். அத்தேர்வின் ஆங்கிலப் பெயரும் முன்னிலையில் அமர்த்துதல் என்றே பொருள்படும். நாளடைவில் கல்லூரிக் கட்டணம் மலைபோல் ஏற, ஒரு பருவத்துச் சம்பளத்தை மிச்சப்படுத்தும் வழியாகவும் அது பயன்படத் தொடங்கியது. இவ்விரண்டு நோக்கமும் ஒன்றல்ல என்று கண்ட கல்லூரிகளும் உண்டு. டார்ட்மத் கல்லூரி 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டது: 2018-இல் பட்டம் பெறவிருந்த அணியினர் முதலாக, இத்தேர்வுக்குப் பட்டக் கணக்கில் மதிப்பலகு இல்லை, மேல் வகுப்பில் அமர்த்துவதற்கு மட்டும் அது பயன்படும். படிப்பைக் குறைத்தல் வேறு, படிப்பை உயர்த்துதல் வேறு என்னும் தெளிவு அம்முடிவில் இருக்கிறது.

சிங்கப்பூரிலும் இத்தெளிவு இல்லாமற் போகவில்லை. தமிழல்லாத பிற பாடங்களைப் பார்த்தால் அது நன்கு விளங்கும். 2006-இல் தொடக்கக்கல்லூரிப் பாடத்திட்டம் எச் 1, எச் 2, எச் 3 என மூன்று நிலைகளாக வகுக்கப்பட்டது. எச் 3 என்பது சிகரம். ஒரு பாடத்தை எச் 2 நிலையில் எடுத்தவரே அதன் எச் 3-ஐ எடுக்க முடியும். அந்நிலைப் பாடங்களுட் சிலவற்றைத் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நிர்வாகப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விரிவுரையாளரே நடத்திவந்திருக்கின்றனர். எச் 3-இல் பெறும் தேர்ச்சி பல்கலைக்கழக நுழைவுப் புள்ளியில் சேராது. ஆயினும் இயற்பியலில் வேட்கை கொண்ட மாணவன் அதனைத் தேடிச் செல்கிறான். அவன் திறமைக்குப் பரிசு, இன்னும் கடினமான இயற்பியல்! அதனைத் தண்டனை என்று யாரும் சொல்வதில்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரி வழியும் இத்தகையதே. மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர் அதே துறையில் பல்கலைக்கழகம் புகும்போது, முன்பே கற்ற பாடங்களுக்கு மதிப்பலகு பெறுகிறார். சில துறைகளில் நேரே இரண்டாம் ஆண்டிலேயே அமர்கிறார். மின்னியல் படித்துத் தேறியவரை நோக்கி, உமக்கு மின்னியலிலிருந்து விடுதலை என்று எந்தப் பல்கலைக்கழகமும் கூறுவதில்லை. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தில் சாதாரண நிலைத் தேர்வு விடப்பட்டதும் ஆறாண்டுப் படிப்பு இடையறாமல் தொடர்வதற்காகவே.

ஆகவே விரைந்து கற்பவர்க்கு வழிவிடும் கலையில் சிங்கப்பூர் தேர்ந்த நாடு. தாய்மொழிப் பாடத்தில் மட்டும் அக்கலை திசைமாறிப் போகிறது. இங்கே தேர்ச்சி என்பது முடிவு. மற்றவற்றில் தேர்ச்சி என்பது தொடக்கம்.

இதனால் விளைவது யாது? சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் பீட்டி சாலையில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. 1982-இல் மூடப்பட்ட உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியின் பெயரைத் தாங்கி நிற்பது அது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர் பல நிறச் சீருடையோடு பிற்பகலில் அங்கே வந்து கூடுவர். உயர்தமிழ் மாணவரும் அவருள் அடங்குவர். மற்றவர் விளையாட்டுத் திடலில் நிற்கும் பொழுதில் இரயிலேறி வந்து இலக்கணமும் கட்டுரையும் பயிலும் பிள்ளைகள் அவர்கள். நான்காண்டுகள் இவ்வாறு உழைத்தபின், உழைப்பின் பயன் கனியத் தொடங்கும் பருவத்தில், நீங்கள் இனி வரவேண்டியதில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. பதினாறு வயது என்பது எத்தகைய வயது என்பதை ஆசிரியர்க்கு எடுத்துரைக்கவேண்டியதில்லை. அதுவரை சொற்பொருள் ஒப்பித்த மாணவன், ஒரு செய்யுளை ஏன் இவ்வாறு பாடினார் என்று முதன்முதல் கேட்கும் வயது அது. புறநானூற்றில் வரும் போர்க்களத் தாய் வீரத்தாயா, பிள்ளையை இழந்து நிற்கும் பேதைத்தாயா என்று வாதிடும் வயது. அவ்வாதம் எழுமுன்னே வகுப்பு முடிந்துபோகிறது.

எஞ்சி நிற்கும் எச் 1 வகுப்பின் நிலையும் எண்ணத்தக்கது. அவ்வகுப்பில் இருப்பவர் மனத்தில், தாம் விலக்குப் பெறாதவர் என்ற எண்ணம் எங்கோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்யும். வகுப்பில் ஒருவர் நன்றாக எழுதினால் பிறரும் எழுத முனைவர். ஒருவர் தடையின்றிப் பேசினால் மற்றவர் நாவும் அசையும். அந்த ஒருவரையே விதி வெளியே அனுப்பிவிடுகிறது. ஆசிரியர் எத்துணைத் திறமுடையவராயினும், தோழன் செய்யும் வேலையை அவரால் செய்யவியலாது.

இதனினும் பெரிய இழப்பு ஆசிரியப் பணிக்கு நேர்வது. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியரைப் பயிற்றித் தருவது தேசியக் கல்விக்கழகம். நாளைய தமிழாசிரியர் எவரிடமிருந்து வரவேண்டும்? இன்று உயர்தமிழில் சிறந்து நிற்கும் மாணவரிடமிருந்து அல்லவா? அவர் பதினாறில் தமிழ் வகுப்பை நீங்கி, இருபத்திரண்டில் ஒரு பட்டத்தோடு திரும்பி வந்தாலும், இடையில் ஆறாண்டுகள் தமிழில் ஒரு பக்கங்கூட எழுதாதவராக இருத்தல் கூடும். மொழி, மிதிவண்டிப் பழக்கம் போன்றதன்று. நீர் பாய்ச்சாத பாத்தியில் என்ன விளையுமோ அதுவே விளையும். பயிற்சிக் கல்லூரி ஆசிரியத் தொழிலைக் கற்பிக்கலாம். விட்டுப்போன ஆறாண்டு வாசிப்பை ஓராண்டில் ஊட்டவியலாது.

தமிழ் மரபில் இதற்கு மாறான ஒரு முறை இருந்தது. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனத் தேர்வுகளைப் படிப்படியாக அமைத்தது. யாழ்ப்பாணத்தில் 1921-இல் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் அவ்வாறே செய்தது. பெயரே பொருளை உணர்த்துகின்றது. பிரவேசம் என்றால் நுழைவு; முதற்படியில் தேறியவன் உள்ளே வந்தவன். அவனைப் பாராட்டி வாயிலுக்கு வெளியே அனுப்பும் எண்ணம் அச்சங்கத்தார்க்கு வந்ததில்லை. அத்தேர்வுகளில் மனப்பாடம் மிகுந்திருந்தது, உரைநடைக்கும் புத்திலக்கியத்துக்கும் இடம் குறைந்திருந்தது என்பன போன்ற குறைகள் உண்டு. ஆயினும் படியமைப்பு என்ற அளவில் அவை இன்றைய விதியினும் அறிவுடையன.

விலக்கை ஆதரிப்போர் கூறுவனவும் புறந்தள்ளத்தக்கன அல்ல. தொடக்கக்கல்லூரி ஈராண்டுகள் கடுமையானவை. சுமையைக் குறைப்பது இரக்கம் என்பர். உயர்தமிழில் தேறியவர்க்கு எச் 1 தமிழ் பெரும்பாலும் கூறியது கூறலாக முடியும் என்பர். இவற்றுள் பின்னது முற்றிலும் மெய். அமெரிக்க அறிக்கை 1952-இல் கண்ட குறையும் அதுவே. ஆனால் கூறியது கூறலுக்கு மருந்து புதியது கூறலன்றோ? வாயை மூடிக்கொள்ளுதல் எங்ஙனம் மருந்தாகும்? விலக்கு எல்லாத் தாய்மொழிக்கும் பொது, தமிழுக்கு மட்டும் இழைத்த குறையன்று என்றும் சொல்லப்படுவதுண்டு. விதி பொதுவாயினும் விளைவு பொதுவாகாது. வகுப்பை விட்டு வெளியே வந்த சீன மாணவனைச் சுற்றிக் கடைத்தெருவும் திரையரங்கும் நண்பர் கூட்டமும் சீனத்தில் பேசும். தமிழ் மாணவன் நிலை வேறு. வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறிய குடியிருப்பாளர், 2010 மக்கள்தொகைக் கணக்கில் நூற்றுக்கு 3.3 பேர், 2020 கணக்கில் 2.5 பேர். ஞாயிறு மாலைகளில் லிட்டில் இந்தியாவில் கேட்கும் தமிழோசையை வைத்து இக்கணக்கை மறுக்கவியலாது. அவ்வோசையில் பெரும்பங்கு வேலைக்கு வந்த தொழிலாளருடையது. சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு வகுப்பறையே தமிழ் வாழும் இடம். அதன் கதவை மூடினால் வேறு கதவு எளிதில் திறப்பதில்லை.

விருப்பமுள்ளவர் எச் 2 நிலையில் தமிழ் மொழியும் இலக்கியமும் எடுக்கத் தடையில்லையே என்பது இன்னொரு விடை. தடையில்லை என்பது உண்மை. சில தொடக்கக்கல்லூரிகளில் தமிழ் விருப்பப்பாடத் திட்டமும் ஏற்பட்டுள்ளது. கல்வி அமைச்சு அதற்கு ஊக்கமளிப்பதும் பாராட்டுக்குரியது. ஆயினும் ஒருபுறம் விதியின் பெயரால் ஓய்வு. மறுபுறம் விருப்பத்தின் பெயரால் உழைப்பு. பதினாறு வயதுப் பிள்ளையும் அவன் பெற்றோரும் இவ்விரண்டனுள் எதைத் தேர்வர் என்பதைக் கணிக்கப் பெரும்புலமை வேண்டியதில்லை.

மதிப்பளித்தால் மாணவர் வருவர், மதிப்பை நீக்கினால் மறைவர் என்பதற்கு அண்டை நாட்டிலேயே சான்றுண்டு. மலேசியாவில் எஸ்.பி.எம். தேர்வில் ஒருவர் எழுதக்கூடிய பாடங்கள் 2010 முதல் 10-ஐ மிஞ்சலாகாது என்று 2009-இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்ச் சமுதாயம் கொதித்தெழுந்தது. தமிழ்மொழியும் தமிழிலக்கியமும் யாருக்கும் கட்டாயமல்ல. ஆதலால் எண்ணிக்கை இறுகினால் முதலில் உதிர்வன அவையே என்று அவர்கள் கண்டனர். பின்னர் 10 பாடங்களோடு மேலும் 2 எழுதலாம் என விதி தளர்ந்தது. அங்கே பெற்றோர் கேட்டது சலுகையன்று. கணக்கில் ஓர் இடம்.

சிங்கப்பூர்த் தமிழர் இத்தகைய இடத்துக்காக முன்னொரு காலத்தில் வெள்ளி வெள்ளியாகத் திரட்டிக் கொடுத்தவர்கள். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த நாளில், அங்கு அமையவிருந்த இந்தியவியல் துறையில் தமிழுக்கு முதன்மை வேண்டுமென்று கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டினார். 1956-இல் துறை தோன்றியது. 1959-இல் கோலாலம்பூர் சென்றது. அதன்பின் தமிழை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டப்படிப்பு சிங்கப்பூரில் நெடுங்காலம் இல்லை. இன்று சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என வழங்கும் நிறுவனம் 2006-இல் தமிழ்மொழி இலக்கியப் பட்டப்படிப்பைத் தொடங்கிய பின்னரே அக்குறை ஒருவாறு நீங்கியது. ஆகவே ஏணியின் மேற்படிகள் இப்போது இருக்கின்றன. கீழ்ப்படியும் இருக்கிறது, அதில் ஏறியவர்களும் இருக்கிறார்கள். நடுவில் உள்ள ஈராண்டுப் படிதான் பெயர்க்கப்பட்டுக் கிடக்கிறது.

அதனைப் பொருத்துவதற்கு விலக்கை ஒழிக்கவேண்டும் என்பதில்லை. மருத்துவம் ஒன்றே குறியாக உள்ள மாணவனை வலிந்து பிடித்து வைப்பதால் தமிழுக்கு நன்மையில்லை. விலக்குக்குப் பக்கத்தில் வேறொரு வழியையும் அதே அளவு கவர்ச்சியோடு வைக்கலாம். உயர்தமிழில் தேறியவர்க்கென்று தொடக்கக்கல்லூரிக் காலத்தில் ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ப்பாடம். அதனைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் கற்பித்தல். தேறினால், பின்னர் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையில் சேர்ந்தாலும், விருப்பப்பாடக் கணக்கில் அதற்கு மதிப்பலகு. பொறியியல் மாணவனும் விருப்பப்பாடங்கள் சில எடுக்கவேண்டியவனே. அவற்றுள் ஒன்று பதினேழு வயதில் முடிந்ததாக இருந்தால் அவனுக்கு இழப்பில்லை. தமிழையே முதன்மையாகக் கொள்வோர்க்கு மட்டும் இம்மதிப்பலகு பாடத்தைக் குறைக்காமல் மேல் வகுப்பில் அமர்த்தவேண்டும். டார்ட்மத் கண்ட வேறுபாடு இங்கே உதவும்.

மொழித்திறனுக்கு இவ்வாறு மதிப்பலகு அளிப்பது நடவாத கனவன்று. அமெரிக்காவின் முன்னேற்ற நிலைத் தேர்வில் தமிழ் இல்லை. சீனம், சப்பானியம், பிரெஞ்சு, செருமன், இத்தாலியம், இலத்தீன், இசுபானியம் ஆகியவையே உள்ளன. ஆயினும் அந்நாட்டு மாநிலங்கள் வேறு வழி கண்டன. 2011-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டத்தைத் தொடர்ந்து, இருமொழித் திறனுக்கு முத்திரை வழங்கும் முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது. மினசோட்டா 2014-இல் ஒரு படி மேலே சென்று, பள்ளியில் இத்தகைய முத்திரை பெற்றவர்க்கு மாநிலக் கல்லூரிகள் மதிப்பலகு வழங்கவேண்டும் எனச் சட்டம் செய்தது. தமிழுக்கும் அங்கே திறன்தேர்வு உண்டு. வார இறுதித் தமிழ்ப்பள்ளியில், தன்னார்வலர் கற்பித்த தமிழைக் கொண்டு கல்லூரிக்குள் நுழையும் வழி அங்கே திறக்கிறது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், அரசு சம்பளம் கொடுத்துப் பயிற்றிய ஆசிரியர் கற்பித்த தமிழ், கல்லூரி வாயிலிலேயே இறக்கிவைக்கப்படுகிறது.

புதிய ஏற்பாடு வரும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. 2026 பல்கலைக்கழகச் சேர்க்கை முதல் நுழைவுப் புள்ளியின் உச்சம் 90-இலிருந்து 70-ஆக மாறியது. எச் 2 பாடங்கள் மூன்றும் பொதுத்தாளும் கணக்கிடப்படும். நான்காம் பாடம் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே சேர்க்கப்படும். அறிவியல் மாணவனும் துறை மாறுபட்ட பாடம் ஒன்று எடுத்தே தீரவேண்டும். அந்த இடத்தில் தமிழ் மொழியும் இலக்கியமும் நிற்கலாம். முன்பு அதனால் புள்ளி குறையுமோ என்று அஞ்சியவர்க்கு இப்போது அவ்வச்சத்துக்கு இடமில்லை. நேரம் செலவாகும் என்பது ஒன்றே எஞ்சிய தடை. இச்செய்தி பல பெற்றோர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பாடத்தேர்வு ஆண்டின் தொடக்கத்தில், கல்லூரியிற் சேர்ந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும். விலக்குப் பெற்ற மாணவனைத் தொடக்கக்கல்லூரித் தமிழாசிரியர் வகுப்பில் சந்திக்கவே போவதில்லை. ஆதலால் இதனைச் சொல்லவேண்டியவர் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர். சொல்லவேண்டிய காலம், நான்காம் ஆண்டு உயர்தமிழ் வகுப்பின் கடைசி வாரங்கள்.